வல்லபட்ட மரத்துப் புகை

என் மூக்கைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேசாதவர்கள் இல்லை. கடைசிக் காம்பராவில் கருவாடு சுட்டால், முதல் காம்பராவில் இருந்தபடியே அது என்ன கருவாடு என்று சொல்லிவிடுவேன். "நாயாப் பொறக்க வேண்டியவ, வழி தப்பி என் வயித்துல வந்துட்டா" என்று அம்மாவே சொல்லுவாள். மூக்குகூடப் பரவாயில்லை. அதற்குக் கீழே இருக்கிற வாய்தான் எனக்கு எப்போதும் வினை. இரண்டும் சேர்ந்து, எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆயுத பூஜை வாரத்தில், எங்கள் குடும்பத்தை ரோட்டில் நிறுத்தப் பார்த்தன.

எங்கள் தேயிலைத் தோட்டம் வட்டவளைக்குக் கீழே, மலை பொல்பிட்டியப் பக்கம் சரியத் தொடங்கும் இடத்தில் இருந்தது. மழைக்கும் குறைவில்லை, அட்டைக்கும் குறைவில்லை. ஆறு வருடம் நான் கொழுந்து எடுத்தேன். வயிற்றில் பிள்ளை தங்கி ஐந்து மாதமானதும், மலை ஏற வேண்டாம் என்று ஸ்டோரில் போட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காய்ந்து வரும் தூளில் கலந்திருக்கிற குச்சியையும் நாரையும் பொறுக்கி எடுப்பது என் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை என்று மற்றப் பெண்களுக்குப் பொறாமை. இடுப்பு விட்டுப்போவது எனக்கல்லவா தெரியும்.

ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. வாசம் உள்ள எதுவும் உள்ளே வரக்கூடாது. பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் தேயிலைத் தூள் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். தலையில் பூ கூடாது. மண்ணெண்ணெய் பட்ட கை கூடாது. வாசனைச் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு வந்த ஒருத்தியை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டத்துக்குக் காவல் டீமேக்கர் ஐயா. ஸ்டோர் முழுவதும் அவர் பொறுப்பு. காலையில் முதல்நாள் தூளில் தேத்தண்ணீர் ஊற்றி வரிசையாகக் கோப்பைகளில் வைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்புவார். அவர் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எங்கள் பாடு எப்படி என்று தெரிந்துகொள்வோம்.

என் வீட்டுக்காரர் அதே ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போடுகிறவர். அதற்கு முன் கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டும்போது கத்தி வழுக்கி இடது காலில் இறங்கி, இரண்டு விரல் போய்விட்டது. சரிவில் நிற்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது தோட்டத்தை நடத்திய தொரை பேரை வெட்டச் சொன்னார். டீமேக்கர் ஐயாதான் குறுக்கே விழுந்தார். "அடுப்புக்கு ஒரு ஆள் வேணும், நின்ன எடத்துல நின்னு செய்ற வேலைதானே" என்று சொல்லி ஸ்டோருக்கு எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு சாமிக்கு அடுத்தபடி டீமேக்கர் ஐயாதான். சில நாள் சாமிக்கும் முந்தி.

பேர் வெட்டு என்றால் வேலை போவது மட்டும் இல்லை. தோட்டத்துப் பதிவில் பேர் இருந்தால்தான் காம்பரா. பேர் போனால் சட்டி பானையோடு இறங்க வேண்டும். எங்களுக்கு இந்த நாட்டிலும் பிரஜாவுரிமை வரவில்லை. இந்தியாவுக்கும் எழுதிப் போடவில்லை. இறங்கினால் போவதற்கு இடம் என்று ஒன்று கிடையாது.

இனி மரத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தின் கடைசி மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு வல்லபட்ட மரம் நின்றது. பெயர் சிங்களப் பெயர். கீழ்க் கிராமத்து ஆட்கள் அதன் பட்டையை உரித்துக் கயிறு திரிப்பார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் பெண்களும் பழகிக்கொண்டார்கள். கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டித் தொங்கவிடுகிற கயிறு நனைந்து நனைந்து அறுந்துபோகும். சணல் கயிறு இரண்டு மாதம் தாங்காது. வல்லபட்டப் பட்டை ஒரு வருடம் தாங்கும், தலையையும் அறுக்காது. அடிமரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, நுனியைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால், சர்ரென்று ஆள் உயரத்துக்கு ஒரே நாடாவாக உரிந்து வரும். முதன்முதல் கூடை தூக்குகிற பெண்ணுக்கு அவள் கையாலேயே ஒரு நாடா உரிக்க வைப்பது எங்கள் மலையில் வழக்கமாகிவிட்டது. நானும் உரித்தேன். முப்பது நாற்பது பெண்கள் உரித்திருப்பார்கள். மரத்தைச் சுற்றிலும் நெடுகத் தழும்பு. ஒரு தழும்பு ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று. அது வலிக்குமா என்று நாங்கள் யாரும் யோசித்தது கிடையாது. எங்களுக்கு வலித்ததை யார் யோசித்தார்கள்?

அந்த வருடம் மரம் பட்டுப்போய் நின்றது. இலை எல்லாம் கொட்டிவிட்டது. ஸ்டோரில் எண்ணெய் அடுப்பை நிறுத்தி விறகுக்கு மாற்றியிருந்த காலம். விறகு லொறி ஒழுங்காக வராது. விறகு போதவில்லை என்று என் வீட்டுக்காரர் தினமும் முணுமுணுப்பார். என் வாய் சும்மா இருக்குமா?

"கடைசி மலையில அந்த வல்லபட்ட மரம் காஞ்சு நிக்கிதுங்க. வெட்டிட்டு வந்தா ஒரு நாளைக்காவது ஆகும்" என்றேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது.

ஆயுத பூஜை செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கமாக ஸ்டோரில் ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டுவோம். அந்த வருடம் டீமேக்கர் ஐயா, பூஜையை வெளியே விறகுக் கொட்டகையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே புகை கூடாது, சந்தனம் கூடாது என்றார். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அதனால்தான் இப்படிச் செய்கிறார் என்று லயத்தில் பேச்சு கிளம்பியது. அது அநியாயப் பேச்சு. முந்தைய வருடமெல்லாம் எங்களோடு நின்று பொரிகடலை வாங்கித் தின்றவர்தான் அவர். ஆனால் என் வீட்டுக்காரருக்கே மனம் கேட்கவில்லை. "மத்த மிஷினுக்கு எப்புடியோ. அடுப்புக்கு சாம்பிராணி காட்டாம எப்புடிங்க? அது நெருப்பு இல்லையா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். ஐயா சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சத்தத்தை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரரும் இன்னொரு அடுப்புக்காரரும் போய் வல்லபட்ட மரத்தை வெட்டித் துண்டு போட்டுக் கொண்டுவந்தார்கள். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக, பஞ்சுபோல, கனமே இல்லாத கட்டை. அடிமரத்தில், நாங்கள் பட்டை உரித்த இடங்களுக்கு உள்ளே மட்டும் கறுத்துப்போய், எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பாக, கோடு கோடாக ஓடியிருந்தது. பிளந்தபோது கோடரி அந்த இடத்தில் இறங்க மறுத்ததாம். அழுகல் என்று நினைத்தாராம்.

அது அழுகல் இல்லை என்று வெகுகாலம் கழித்து, காட்டிலாகாவில் வேலை செய்த ஒருவர் எனக்குச் சொன்னார். காயம் படாத வல்லபட்ட மரத்தை வருடக்கணக்காக எரித்தாலும் ஒரு வாசமும் வராது. பட்டை கிழிந்த இடத்தில் பூஞ்சணம் உள்ளே நுழையும். அதைத் தாண்டிப் போகவிடாமல் தடுக்க, மரம் தன் உடம்பிலிருந்தே ஒரு பிசினை ஊறவைத்துக் காயத்தைச் சுற்றி அடைத்துவிடும். வருடம் போகப்போக அந்த இடம் கறுத்து இறுகிவிடும். வாசம் அந்தப் பிசினில் இருக்கிறது. அகில் என்று நாம் சொல்கிறோமே, அதே இனத்து வாசம். இன்றைக்கு அந்தக் கட்டையைக் கடத்தப் போய் ஆட்கள் பொலிஸில் மாட்டுகிறார்கள். நாங்கள் அதை அடுப்பில் திணித்துத் தேயிலை காயவைத்தோம்.

வெள்ளிக்கிழமை பகலில் அந்த விறகு எரிந்தது. நான் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு வாசம். சந்தனமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ, கொஞ்சம் இனிப்பாக, தொண்டைக்குள் இறங்குகிற மாதிரி. வயிற்றில் ஏழு மாதம். அந்தச் சமயத்தில் எல்லா வாசமும் எனக்குக் குமட்டலைத்தான் கொடுத்தது. இது மட்டும் குமட்டவில்லை. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். "ஒனக்குத்தான் வாசம் தெரியும், எங்களுக்கு என்னா தெரியும்" என்று சிரித்தாள்.

சாயந்தரம் என் வீட்டுக்காரர் அந்தக் கறுத்த கட்டையில் இரண்டு சிறாய் எடுத்துக்கொண்டு வந்தார். "எரியிறப்ப என்னா வாசம் புள்ள, கோயில் மாதிரி" என்று சந்தோஷமாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆயிற்றே. விளக்கேற்றி, சாம்பிராணிக்குப் பதிலாக ஒரு சிறாயைத் தணலில் வைத்தேன். லயம் பூராவும் மணந்தது. நாலு பேர் வந்து என்ன சாம்பிராணி, எங்கே வாங்கினது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பெருமையாக, "அதெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றேன். இந்த வாயை என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் டீமேக்கர் ஐயா மூன்றாவது கோப்பையில் நின்றுவிட்டார். திரும்பவும் உறிஞ்சினார். நாலாவது, ஐந்தாவது. பிறகு ஈரத் தேயிலையைக் கையில் அள்ளி முகர்ந்தார். முதல்நாள் காய்ந்த தூள் முழுவதிலும் கோயில் வாசம். அதைக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பினால் தோட்டத்தின் பேர் நாறிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை "தூளில் புகை" என்று அங்கிருந்து கடிதம் வந்து தொரை குதித்திருந்தார்.

மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் பதில் தெரிந்துவிட்டது. அடுப்புக்காரர் திருட்டுத்தனமாக அடுப்பில் சாம்பிராணி அள்ளிப் போட்டிருக்கிறார். எல்லோர் முன்னாலும் சொன்னவர் அவர்தானே? வெள்ளிக்கிழமை அவர் காம்பராவில் அதே வாசம் அடித்ததை நாலு பேர் மூக்கால் பார்த்தார்களே? எங்கே வாங்கினது என்று கேட்டதற்குப் பெண்டாட்டி மழுப்பினாளே? தொரை காதுக்கும் போயிற்று. திங்கட்கிழமை காலையில் ஆபீசில் விசாரணை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"வெறகுதான் அதுன்னு சொல்ல வேண்டியதுதானேங்க? சிறாய் ஒண்ணு இன்னும் இருக்கே" என்றேன். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரிந்தது.

அவர் விரல் போன காலைத் தடவிக்கொண்டார். பிறகுதான் சொன்னார்.

அடுப்பில் எழுகிற புகை தேயிலையைத் தொடாது. தொடவும் கூடாது. புகை இரும்புக் குழாய்களுக்குள்ளேயே போய் புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். குழாய்கள் சூடாகும், அவற்றைச் சுற்றி விசிறி இழுக்கிற சுத்தமான காற்றுதான் சூடேறித் தேயிலையைக் காயவைக்கும். ஆகவே விறகில் என்ன வாசம் இருந்தாலும் தூளுக்கு வர வழியில்லை. குழாய் வெடித்திருந்தால் ஒழிய.

குழாய் வெடித்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பே என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து டீமேக்கர் ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். ஐயா களிமண் குழைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறார்; அது சூட்டில் காய்ந்து காய்ந்து உதிரும். வெளியே மூச்சு விடாதே என்றும் சொல்லியிருக்கிறார். "புகை" என்று கடிதம் வந்தபோது, குழாயைச் சரிபார்த்தாயிற்று, பழுதில்லை என்று தொரைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். லிந்துலைப் பக்கம் ஒரு பெரிய ஸ்டோருக்கு அவரை எடுக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஸ்டோரை மூடிக் குழாய் மாற்றுவதா என்று நினைத்திருப்பார்.

"வெறகுன்னு சொன்னா, பொகை எப்புடி தூளுக்கு வந்துச்சுன்னு தொரை கேப்பாரு. அப்ப நான் ஐயாவக் காட்டிக் குடுக்கணும்" என்றார்.

"காட்டிக் குடுக்காட்டி நம்ம பேரு போகும்."

"அவரு இல்லாட்டி அது எப்பவோ போயிருக்கும் புள்ள."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தேன். பக்கத்துக் காம்பராக்காரி எட்டிப் பார்த்தாள். இவருக்கு நன்றி வேண்டும், எனக்குக் கூரை வேண்டும். வயிற்றில் இருந்தது இரண்டும் தெரியாமல் உதைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வேதக் கோவில் முடிந்து, வெள்ளைச் சட்டையோடு டீமேக்கர் ஐயா எங்கள் லயத்துக்கு வந்தார். உத்தியோகத்தர்கள் லயத்துக்குள் வருவது அபூர்வம். பிள்ளைகள் ஓடிப்போய் ஒளிந்துகொண்டன. நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. ஆள் ஒரே நாளில் கறுத்துப்போயிருந்தார்.

"நீ சாம்பிராணி போட்டதா ஒத்துக்க" என்றார் என் வீட்டுக்காரரிடம். "பூஜைக்காகப் பக்தியில செஞ்சிட்டான்னு நான் தொரைகிட்ட பேசுறேன். ஒரு வாரம் வேல நிப்பாட்டுவாங்க. அதோட முடிச்சு வச்சிர்றேன். பேரு வெட்ட விடமாட்டேன். என்னைய நம்பு."

"சரிங்கய்யா" என்றார் இவர். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பேரு வெட்டிட்டா என்னாங்கய்யா செய்யறது?" என்று நான் கேட்டேன்.

ஐயா என்னைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "அப்ப நானே உண்மையச் சொல்லிருவேன்மா" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது அவர் கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்து இவர் ஆபீசுக்குப் போனார். எங்களுக்காகப் பேச வேண்டிய தோட்டத்துச் சங்கத் தலைவர் அட்டனில் ஏதோ கூட்டம் என்று போயிருந்தார். வேண்டிய நேரத்தில் அவருக்குக் கூட்டம் வந்துவிடும். என்னை வரக்கூடாது என்று இவர் சொல்லியிருந்தார். நான் பின்னாலேயே போனேன். மிச்சமிருந்த சிறாயைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆபீஸ் ஜன்னல் பக்கம், மழைத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு அருகில் நின்றால் உள்ளே நடப்பது தெரியும், கேட்கும்.

தொரை சிங்கள மனிதர், புதிதாக வந்தவர். தமிழ் அரைகுறை, ஆனால் தேயிலை முழுசாகத் தெரிந்தவர். மேசைமேல் அந்தத் தூளில் ஊற்றிய தேத்தண்ணீர் ஒரு கோப்பையில் ஆறிப்போய் இருந்தது. டீமேக்கர் ஐயா மேசைக்குப் பக்கத்தில் நின்றார். என் வீட்டுக்காரர் வாசலுக்கு உள்ளே, நல்ல காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"சாம்பிராணி நீ போட்டதா?" என்று தொரை கேட்டார்.

"ஆமாங்க தொரை. நாந்தான் போட்டேன்."

"யாரும் சொல்லி போட்டதா?"

"இல்லீங்க. நானாத்தான். பூஜைன்னு..."

தொரை பக்கத்தில் இருந்த கிளார்க்கரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். கிளார்க்கர் எழுதினார். பிறகு தொரை நிமிர்ந்து, "சரி. பேர் வெட்டு. பத்து நாள். காம்பரா காலி செய்யணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் டீமேக்கர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த முகத்தை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். ஐயா மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு தடவை அசைந்தது. சத்தம் வரவில்லை. கிளார்க்கரின் பேனா ஓடுகிற சத்தம்தான் கேட்டது. நான் காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணியதுகூட ஞாபகம் இருக்கிறது. பத்து வரைக்கும்தான் எண்ணினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உள்ளே போய்விட்டேன். பெண்கள் கூப்பிடாமல் ஆபீசுக்குள் போவது கிடையாது. கிளார்க்கர் எழுந்து "ஏய், ஏய்" என்றார். நான் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் இழுத்தேன்.

"தொரை, அந்த நெருப்புப் பெட்டியக் கொஞ்சம் குடுங்க."

அவர் சிகரெட்டுக்கு வைத்திருந்தது. என்னவென்று நினைத்தாரோ, தள்ளிவிட்டார். மூன்று குச்சி வீணாயிற்று. நாலாவதில் சிறாய் பற்றியது. ஊதி அணைத்ததும் நூல்போல ஒரு புகை எழுந்தது. அந்த அறைக்குள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அந்த வாசம் விரிந்தது.

தொரை கோப்பையை எடுத்து முகர்ந்தார். சிறாயை வாங்கி முகர்ந்தார். திரும்பவும் கோப்பை.

"இது என்ன?"

"வல்லபட்ட மரங்க தொரை. வெள்ளிக்கெழம அடுப்புல எரிஞ்ச வெறகு. சாம்பிராணி யாரும் போடல. இவரு பொய் சொல்றாரு."

கட்டின புருஷனைத் தொரை முன்னால் பொய்யன் என்று சொன்ன பெண்டாட்டி எங்கள் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இவர் "வாய மூடு புள்ள" என்று பல்லைக் கடித்தார்.

தொரை எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சிறாயைக் கையில் உருட்டிக்கொண்டே டீமேக்கர் ஐயா பக்கம் திரும்பினார். "அடுப்புப் புகை எப்படி தூளுக்கு வந்தது?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

ஐயா இப்போது வாயைத் திறந்தார். "குழாய்ல வெடிப்பு இருக்கு சார். எட்டு மாசமா இருக்கு. எனக்குத் தெரியும்" என்றார். ஒரு வார்த்தை மறைக்கவில்லை. இவர்மேல் ஒரு பழியும் போடவில்லை. சொல்லி முடித்ததும், அங்கே கிளார்க்கருக்கு மட்டும் போட்டிருந்த நாற்காலியில், யாரையும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

கிளார்க்கர் எழுதிய தாளைத் தொரை இரண்டாகக் கிழித்தார். எங்கள் பேர் தப்பியது. அடுப்பை அணைத்தார்கள். எட்டு மாதமாக வராத குழாய் அதே வாரத்தில் லொறியேறி வந்து சேர்ந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான். லிந்துலைப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. மாதம் முடிவதற்குள் டீமேக்கர் ஐயாவைக் கீழ்நாட்டில் ஒரு சின்ன ஸ்டோருக்கு, இன்னொருவருக்குக் கீழே வேலை செய்ய மாற்றிவிட்டார்கள். அவர் சாமான் ஏற்ற என் வீட்டுக்காரர் போனார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? லொறி புறப்படுவதற்கு முன் ஐயா இவரை ஸ்டோர் அடுப்பங்கரைக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய் என்னவோ பேசியதை, குச்சி பொறுக்குகிற இடத்திலிருந்தே பார்த்தேன். என்ன சொன்னார் என்று கேட்டேன். "சும்மா, போயிட்டு வர்றேன்னாரு" என்றார்.

விசாரணை நடந்த அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது இவர் ஒன்று சொன்னார். "ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா அவரே சொல்லியிருப்பாரு. சொல்றேன்னு வாக்குக் குடுத்தவரு. கேட்டதும் சொன்னாரா இல்லையா? அந்த ரெண்டு நிமிசம் ஒனக்குப் பொறுக்கல."

அதற்குப் பிறகு ஏழு வருடம் எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் அது அங்கேதான் போய் முடியும். குழம்பில் உப்புக் கூடினாலும் இரண்டு நிமிடம்தான். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கணக்கில் சுழியம் வாங்கி வந்து நான் அடிக்கக் கை ஓங்கினாலும், "ஒனக்கு எப்பவும் ரெண்டு நிமிசம் பொறுமை கெடையாது" என்பார். நான் வாய்க்கு வாய் பேசுகிறவள். ஆனால் இந்த ஒன்றுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணியிருந்தால்? ஒரு நல்ல மனிதர் தானாகச் சொல்லி மரியாதையோடு போயிருப்பாரோ? அவருடைய கடைசி மானத்தை நான் தட்டிப் பறித்துவிட்டேனோ? பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போது, அந்த உதடு ஒரு தடவை அசைந்தது கண்ணுக்குள் வரும். நான் குற்றவாளி என்றே முடிவு கட்டி வைத்திருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் டீமேக்கர் ஐயா இறந்துபோன செய்தி வந்தது. கண்டிப் பக்கம் ஒரு வேதக் கோவிலில் அடக்கம். இரண்டு பேரும் போனோம். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. கினிகத்தேனை தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது, நான் கேட்காமலே இவர் சொன்னார்.

"அன்னைக்கு லொறி ஏறுறப்ப அவரு ஒண்ணு சொன்னாரு. ‘ஒன் பொஞ்சாதி உள்ள வராம இருந்திருந்தா, நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன்பா. நீ ரோட்டுக்குப் போறதப் பாத்துக்கிட்டு நின்னிருப்பேன்’னாரு. சொல்லிட்டு அழுதாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பெல்லாம் சுட்டது.

"இது தெரிஞ்சிருந்துமா ஏழு வருசமா என்னைய ரெண்டு நிமிசம் ரெண்டு நிமிசம்னு குத்துனீங்க?"

"அவரு உசுரோட இருக்குற வரைக்கும் அவரு நல்லவராவே இருக்கட்டும்னு நெனச்சேன்."

"அப்ப நானு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்கு அதுவரை தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் எழுந்து, முன்னால் காலியாக இருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். வட்டவளையில் இறங்கும்போது அவர் கையை நீட்டினார். நான் கம்பியைப் பிடித்து இறங்கினேன்.